கூடம் வரை வந்து சேராத விருந்தாளிகள்

ஆண்டவர் கிருபையால் ஆக்லாந்து மாநகரில் சீரோடும் சிறப்போடும் வாழ்ந்துவரும், எங்கள் குடும்பத்தின் மூத்தவரும் முத்துமான பெனினா அக்கா அவர்களுக்கு, சமோவா நாட்டுச் சவாயீ தீவிலிருந்து தங்கள் ஒரே தம்பி டானியேலு தலைகுனிந்து எழுதும் மடல். இங்கே நானும் என் துணைவி ஃபியாசிலியும் நலம். பன்றிகள் நலம். தாங்கள் அனுப்பிவைத்த ஃபிரிட்ஜும் மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் நலம். அங்கே தாங்களும், அத்தானும், தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க ஞாயிறுதோறும் தவறாமல் ஜெபித்துவருகிறோம். மேற்படி தாங்கள் எழுதிய கடிதம் கண்டு தாங்கள்... இந்தத் 'தாங்கள்' எனக்குச் சரிப்பட்டு வரவில்லை அக்கா, மூச்சு முட்டுகிறது. வழக்கம்போல நீ என்றே எழுதுகிறேன். மரியாதை மனசில் அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று பேர் படித்தோம். நான் படித்தேன், ஃபியாசிலி படித்தாள், நாங்கள் தப்பாகப் படித்திருப்போமோ என்று போதகரும் ஒரு தடவை படித்தார். மூன்று பேருக்கும் அதே அர்த்தம்தான் வந்தது. "நான் வந்து இறங்கும்போது என் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு வெளியூர்க்காரராவது உட்கார்ந்து நம் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூடத்தைச் சித்தப்பா மகன் ஃபிலிப்போவிடம் கொடுத்துவிடுவேன், அவன் டப்பா மீன் கடை வைத்துக்கொள்ளட்டும்" என்று எழுதியிருக்கிறாய். அக்கா சொன்ன சொல்லுக்குத் தம்பி மறுபேச்சுப் பேசக் கூடாது என்பது நம் ஊர் முறை. நான் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. போன தடவை வந்தபோது உன்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் சிநேகிதியைத் தலைநகர் அப்பியாவில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனாய். நம் நாட்டுச் சாப்பாடு கேட்ட அவளுக்கு உருளைக்கிழங்கு வறுவலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு நீ மேசையைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "கடல் தாண்டி வர்றவன் நம்ம மண்ணுல விளையாத கிழங்கைத் தின்னுட்டுத் திரும்பிப் போறதா?" என்று கேட்டு, அங்கேயே, அந்த வறுவல் ஆறுவதற்குள், நம் அப்பா நிலத்தில் ஒரு சாப்பாட்டுக் கூடம் என்று முடிவு செய்தாய். கட்டினேன். பெயர்ப்பலகை அனுப்பினாய், மாட்டினேன். பூப்போட்ட மேசை விரிப்பு அனுப்பினாய், விரித்தேன். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், ஆனால் முன்பல் இல்லாததால் வாயைத் திறக்காமல் சிரிக்க வேண்டும் என்று எழுதினாய். கண்ணாடி முன்னால் பழகினேன். வயிற்றுவலியா என்று ஃபியாசிலி கேட்டாள்.

திறப்பு விழா அன்று விடிவதற்குள் கல்லைச் சுடவைத்து மண்ணடுப்பு மூட்டினேன். சீமைப்பலாவும் சேம்பும் சுட்டு, தேங்காய்ப்பாலைச் சேப்பந்தளிரில் பொட்டலமாகக் கட்டி வேகவைத்தேன். மண்ணடுப்பு நம் ஊரில் ஆம்பிளை வேலை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஃபியாசிலி ஓக்கா செய்தாள். விடியற்காலைப் படகில் வந்த மீனைப் பச்சையாகவே துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கிப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றுவாளே, அதுதான். பிறகு புது உடுப்புப் போட்டு, காதோரம் செம்பருத்தி வைத்து, வாசலில் போய் நின்றாள். போதகர் வந்தார், ஜெபித்தார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு வாசலுக்கு வந்தது நம் நாய் மட்டும்தான்.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. தினமும் மதியம் ஃபியாசிலி பூ வைத்துக்கொண்டு நிற்பாள், சாயங்காலம் பூ வாடினதும் உள்ளே வருவாள், நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அத்தனையையும் தின்று தீர்ப்போம். என் இடுப்புத்துணி முடிச்சுக்கு எட்டாமல் போய்விட்டது அக்கா. "ரொம்ப நல்லா இருக்குடி" என்று ஒரு நாள் ஆறுதலாகச் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நீ சொல்றதைக் கல்யாணம் ஆன நாளா கேட்டுட்டேன். வேகாத சேம்பைக் கொடுத்தாலும் இதேதான் சொல்லுவ. என்னை யாருன்னே தெரியாத ஒருத்தன் சாப்பிட்டுச் சொல்லணும். அதுக்குத்தானே வாசல்ல நிக்கிறேன்" என்றாள். கூடம் போனால் எனக்கு ஒன்றும் இல்லை, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்வேன். இவள் அந்தப் பூவை எங்கே வைத்துக்கொண்டு நிற்பாள்?

ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வராமலும் இல்லை. கிழக்குக் கோடியில் கடற்கரைக் குடில்கள் எப்போதும் நிறைந்துதான் கிடக்கின்றன. ஓடைப் பாலம் உடைந்ததிலிருந்து பஸ்ஸும் குடில்களோடு நின்றுவிடுகிறது. குடிலில் இருப்பவனுக்குப் பசித்தால் ஊர்த் தெருவோடு நடந்து மேற்குக் கோடியில் இருக்கிற நம் கூடத்துக்கு வரவேண்டும். வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது. பசியோடு கிளம்புகிறார்கள், அதைக் குடில்காரரே பார்த்திருக்கிறார். இங்கே வந்து சேருவதில்லை. நடுவில் என்ன ஆகிறது? ஒரு நாள் மதியம் நானே அவர்களைத் தேடிக்கொண்டு கிளம்பினேன்.

செருப்புதான் காட்டிக்கொடுத்தது. ஊர்ச்சபையின் பேச்சாளர் துவாலா இருக்கிறாரே, அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு. நம் ஊரில் அந்த அளவுக்குக் கால் கிடையாது. ஒரு செருப்பில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். வீட்டு நடுவில் நல்ல பாயில் ஒரு நெட்டை டென்மார்க்காரன் முழங்காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருக்கிறான். பெயர் யென்ஸ், அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். துவாலா குடும்பம் முழுக்கச் சுற்றிலும் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துவாலா என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்து காதோடு சொன்னார்: "நான் என்னப்பா பண்ணுவேன்! நாங்க பாட்டுக்கு நேத்து மிச்சம் இருந்த சேம்பைத் தின்னுட்டு இருந்தோம். இவன் தெருவுல போனான். வாங்க, சாப்பிடலாம்னு கூப்பிட்டேன்."

"கூப்பிட்டா?"

"வந்துட்டான்!"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அக்கா, நம் அப்பா கூப்பிட்டிருக்கிறார், அவர் அப்பா கூப்பிட்டிருக்கிறார். சாப்பிடும்போது தெருவில் யார் போனாலும் 'வாங்க, சாப்பிடலாம்' என்று குரல் கொடுப்போம். போகிறவர் 'நன்றி, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கூப்பிடாமல் தின்றவனும் கிடையாது, கூப்பிட்டதும் உள்ளே வந்தவனும் கிடையாது. இந்த ஊர் உண்டான நாளிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்த முதல் ஆள் யென்ஸ்தான். வந்துவிட்ட பிறகு பழைய சேம்பையா வைக்க முடியும்? துவாலா பின்பக்கமாக ஓடிக் கோழி பிடித்திருக்கிறார். அவர் பெண்டாட்டி டப்பா இறைச்சியைத் திறந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த டப்பா.

அதோடு முடிந்ததா? விருந்தாளி முதலில் சாப்பிட வேண்டும், அவர் மிச்சம் வைப்பதைத்தான் வீட்டார் சாப்பிட வேண்டும். நமக்குத் தெரியும். தட்டில் எது வந்தாலும் துடைத்துச் சாப்பிடாவிட்டால் சமைத்தவருக்கு அவமானம் என்று யென்ஸுக்கு அவன் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அது இங்கே யாருக்குத் தெரியும்? அவன் தட்டைக் காலி செய்வான். ஐயோ பாவம் இன்னும் பசி போல என்று இவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். இவ்வளவு அன்பாக வைக்கிறார்களே என்று அவன் அதையும் காலி செய்வான். துவாலா பேத்தி, கோழிக்கால் எலும்பாகி வருவதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் வாய்விட்டு அழுதே விட்டாள். குழந்தை தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது போலும் என்று நினைத்த யென்ஸ், அதைச் சிரிக்கவைக்க இன்னும் ஒரு துண்டை வாயில் போட்டு ஆட்டிக் காட்டினான்.

ஒருவழியாக எழுந்து வெளியே வந்தான். நான் ஓடிப்போய் உன் பலகையில் இருக்கிறபடியே, "நாட்டுச் சாப்பாடு, கடற்கரைக் காற்று, வருக" என்றேன், வாயைத் திறக்காமல் சிரித்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில், "ஐயா, அங்கதான் கிளம்பினேன். நாலு நாளா அங்கதான் கிளம்பிக்கிட்டு இருக்கேன்" என்றான். அவன் அதைச் சொல்லி முடிக்கவில்லை, அடுத்த வீட்டு லெயாத்தா, அதுதான் நாலு பேருக்கான குரலைத் தனியாக வைத்திருக்கிறாளே அந்த லெயாத்தா, உள்ளேயிருந்து "யாரு தம்பி தெருவுல, வாங்க, சாப்பிடலாம்!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். யென்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

இது அவன் ஒருத்தன் கதை மட்டும் இல்லை. குடிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதே கதி. நம் கூடத்துக்கும் குடில்களுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் நல்ல பாய் விரித்தபடியே கிடந்தது. கோழிகள் குறைந்தன. பன்றிக்குட்டிகள் மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப்போயின. கூப்பிடாமல் தின்னலாம் என்றால் அதைவிட மானக்கேடு உண்டா? கடைசியில் ஒருவரைப் பார்த்து ஒருவராக, மதியம் ஆனதும், சுவர் இல்லாத நம் வீடுகளின் ஓலைத் தட்டிகளை நாலு பக்கமும் இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்து, மெல்லும் சத்தம் வெளியே கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தார்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஊர் முழுக்கத் தட்டி இறங்கியிருக்கிறது. போதகர் பயந்துபோனார். என்னவோ கொள்ளைநோய் வந்துவிட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டியைத் தூக்கி உள்ளே நுழைந்தார். போதகர் வந்தால் சும்மா அனுப்ப முடியுமா? வெள்ளைக்காரனுக்கு ஒளித்த கோழியைப் போதகருக்கு அடித்தார்கள். அவர் ஒவ்வொரு வீட்டிலும் உருக்கமாக ஜெபித்து, ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டு, மூன்று நாளில் தானே படுத்துவிட்டார்.

சரி, நோய் வெள்ளைக்காரர்களிடம் இருக்கிறது, மருந்தை அங்கேயே கொடுப்போம் என்று நான் குடில்களுக்குப் போனேன். எல்லோரையும் மணலில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் நம் மொழியில் 'நன்றி, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்து நேராக என்னிடம் வாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். யென்ஸ் முதல் மாணவன். வாத்தியார் அல்லவா, சாயங்காலத்துக்குள் பிழையில்லாமல் மனப்பாடம் செய்துவிட்டான். மறுநாள் மதியம் லெயாத்தா வீட்டு வழியாக வந்தான். அவள் கூப்பிட்டாள். இவன் நின்று, குனிந்து, தேன் சொட்டச் சொட்ட அதைச் சொன்னான்.

லெயாத்தா போட்ட கூச்சல் கூடம் வரைக்கும் கேட்டது. "அடியே, எல்லாரும் ஓடி வாங்கடி! இந்தப் புள்ள நம்ம பேச்சு பேசுதுடி! எங்க அம்மா பேசுற மாதிரியே பேசுதுடி! என் ராசா, உன்னையா தெருவுல விடுவேன்!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். அன்றைக்கு அவனுக்குக் கோழி இல்லை, பன்றி. பாடம் எடுத்தவன் நான், பழி எனக்குத்தான். லெயாத்தா பன்றியை நினைத்து இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கடைசியில் ஊர்ச்சபை கூடியது. யார் வீட்டிலாவது கூடினால் சாப்பாடு போட யாரிடமும் ஒன்றும் மிச்சம் இல்லை. அதனால் நம் கூடத்தில் கூட்டினார்கள். பெரியவர்கள் எல்லாரும் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். துவாலா எழுந்து காலையில் பேச ஆரம்பித்தார். முன்னோர்கள், மலை, கடல் எல்லாம் சொல்லி முடித்து விஷயத்துக்கு வரும்போது மதியம்.

"கூப்பிடுறதை நிறுத்தலாமான்னு ஒரு பேச்சு வந்திருக்கு" என்றார்.

"யாரு பேசினது? எழுந்திரிக்கச் சொல்லு!" என்று மூலையிலிருந்து ஒருவர் கத்தினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. "கூப்பிடாம தின்னா அது சாப்பாடா? திருட்டு!" என்றார் இன்னொருவர். "அப்போ கோழிக்கு எங்க போறது?" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஃபியாசிலி சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். பெரியவர்கள் விவாதத்தை நிறுத்தாமலே சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில், தட்டி இறக்கிய வீடுகளைத் தாண்டி, யென்ஸும் குடிலில் இருந்து இன்னும் நாலைந்து பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா, நான் சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் யோசித்துச் செய்யவில்லை. வாயில் சேம்பு இருக்கிறது, தெருவில் ஆள் போகிறது. ஊர்ச்சபை மொத்தமும் ஒரே குரலில், "வாங்க, சாப்பிடலாம்!" என்றது.

வந்துவிட்டார்கள். உன் பலகைக்குக் கீழே செருப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்! நான் சிரித்தேன், வாயைத் திறந்தே சிரித்தேன், மன்னித்துக்கொள். ஃபியாசிலி யென்ஸ் முன்னால் ஓக்காவை வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். கண்ணை மூடினான். இன்னும் ஒரு வாய். நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். பாதிக் கிண்ணம் ஆனதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

எதையும் துடைத்துத் தின்கிற யென்ஸ், இதை மட்டும் பாதியில் வைத்துவிட்டான். ஃபியாசிலி காதோரப் பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அப்போது யென்ஸ் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, அவள் பக்கமாகப் பாயில் தள்ளி வைத்தான். "அம்மா, என் வாழ்க்கையில இப்படி ஒண்ணைச் சாப்பிட்டதே இல்ல. முழுக்கத் தின்னணும்னுதான் இருக்கு. ஆனா துவாலா ஐயா வீட்டுக் குழந்தை ஏன் அழுதுச்சுன்னு நேத்து குடில்காரர் சொல்லித்தான் எனக்குப் புரிஞ்சுது. மீதி உங்களுக்கு" என்றான்.

ஃபியாசிலி உட்கார்ந்து அந்த மீதியைச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். துவாலா எழுந்து ஏதோ பேச வாயெடுத்தார், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேச்சு வராததை ஊரே முதல் தடவையாக அன்றுதான் பார்த்தது.

காசு விஷயத்தை நீ கேட்பாய் என்று தெரியும். யென்ஸ் எவ்வளவு என்று கேட்டான். ஊர்ச்சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வாங்க என்று கூப்பிட்டுவிட்டு விலை சொல்ல என் நாக்கு எழவில்லை அக்கா. மறுநாள் அவன், விருந்துக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நம் வழக்கப்படி, ஒரு பெட்டி டப்பா மீனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. இப்போது கூடத்தின் பின்பக்கம் கூரைவரை டப்பா மீன். ஆக, ஃபிலிப்போ கடைக்கு வேண்டிய சரக்கு எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது, ஃபிலிப்போ மட்டும்தான் வரவில்லை. அவன் வராமலே இருக்கட்டும் என்பதுதான் என் தாழ்மையான விண்ணப்பம்.

ஊர்ச்சபை இன்னும் முடிவுக்கு வரவில்லை. முடிவு வரும்வரை கூட்டம் தினமும் மதியம் நம் கூடத்தில்தான் என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. நேற்றுகூட முன்னோர்கள் வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள். தட்டிகள் எல்லாம் மேலே ஏறிவிட்டன, வீடுகளும் பழையபடி கூப்பிடுகின்றன. அதனால் சில நாள் நாலு பேர் வந்து சேருகிறார்கள், சில நாள் வழியிலேயே போய்விடுகிறார்கள். நீ வருகிற நாள் எந்த மாதிரி நாளாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆகையால் கிறிஸ்துமஸ் கழித்து வா, பாலமும் சரியாகிவிடும். முன்கூட்டியே எழுது. நானே படகுத்துறைக்கு வந்து உன்னை வண்டியில் ஏற்றி எந்த வீட்டிலும் நிறுத்தாமல் கூடத்தில் கொண்டுவந்து இறக்குகிறேன். அதுவரை ஃபிலிப்போவிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. ஃபியாசிலி தினமும் புதுப் பூ வைக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலிக்கு லெயாத்தா ஒரு இலை சொன்னாள், பெயரை மறந்துவிட்டேன், ஆனால் நல்ல இலை. நீ இருக்கிற வீட்டில் குளிர் நுழையாமலும், உன் அடுப்பு அணையாமலும், உன் மேசையில் ஆள் குறையாமலும் ஆண்டவர் காப்பாராக.

உன் சொல்லை என்றும் மீறாத தம்பி,
டானியேலு

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை பஸ் டிரைவரிடம் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தெருவோடு நடந்தேன். லெயாத்தா வீட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "யாரு தெருவுல போறது? வாங்க, சாப்பிடலாம்!" என்றது. நான் திரும்பிப் பார்க்காமலே, "நன்றி, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். துவாலா வீட்டு வாசலில் அவர் என்னைப் பிடித்து நிறுத்தினார். "என்னப்பா இங்க வர்ற? உங்க அக்கா காலை பஸ்ல வந்து இறங்கினா. நாங்க பாட்டுக்குக் கோக்கோ குடிச்சிட்டு இருந்தோம், கூப்பிட்டேன். வந்துட்டா! உக்காந்தா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சாப்பிட்டா. இத்தனை வருஷத்துல அங்க என்னை யாரும் சாப்பிட வான்னு கூப்பிடவே இல்ல துவாலான்னு சொன்னா. தட்டுல ஒரு பருக்கை மீதி வைக்கலப்பா. இப்போ லெயாத்தா வீட்ல இருக்கா" என்றார்.

அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் அக்கா. உன் குரலைக் கேட்டும் தெரியாமல் போனேனே என்று வெட்கமாக இருக்கிறது. இங்கிருந்து பார்த்தாலே லெயாத்தா வாசலில் உன் வெள்ளைச் செருப்பு தெரிகிறது, யென்ஸ் செருப்புக்குப் பக்கத்தில். இதோ கடிதத்தை என் கையாலேயே கொடுக்க வருகிறேன், இந்தத் தடவை கூப்பிட்டால் உள்ளேயே வந்துவிடுவேன். நீ வந்து இறங்கும்போது கூடத்தில் ஒரு வெளியூர்க்காரராவது சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றாய். அந்த ஒருவர் நீயாகவே இருந்துவிடு. விருந்தாளி சாப்பிடாமல் ஃபியாசிலி சாப்பிட மாட்டாள், ஊர்ச்சபையும் பசியோடு உட்கார்ந்திருக்கிறது. வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துக்கொள் அக்கா, கூடத்துக்கு வந்து சேர இன்னும் நிறைய வீடு இருக்கிறது.